சாமி வீட்டுக்கு வந்தாரா? நல்ல குருவானவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுவது யார்?

ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடைக் கிராமம் ஒன்றில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். அம்மா வழியில் பொறையாறு பக்கத்துப் புராட்டஸ்டண்ட் லுத்தரன்கள். அதனால் எனக்குக் கத்தோலிக்கக் குருவான ‘சாமி’யும் தெரியும், லுத்தரன் குருவான ‘ஐய’ரும் தெரியும். எங்கள் கோயில் வட்டாரமான பங்கின் பேரவையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து ஆறு பங்குத்தந்தைகளோடு வேலை பார்த்திருக்கிறேன். இரண்டு பேரோடு சண்டையும் போட்டிருக்கிறேன். குருவாகப் படிக்கச் செமினரிக்குப் போகலாமா என்று யோசிக்கிற பையன்களும், புதுச் சாமியார் சரியில்லை என்று குறைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டவை இங்கே உள்ளன.

நல்ல குருவானவர் என்று எதை வைத்துச் சொல்வது?

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தால் மறுநாள் பேப்பரில் மலர் தூவுகிற படம் வரும். கடைமடைக்காரன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “நம்ம வாய்க்காலுக்கு எப்ப வரும்?” என்றுதான் கேட்பான். கல்லணைக்கு வந்த தண்ணீர் அவன் வயலுக்கு வந்ததாகக் கணக்கில்லை. குருவானவரையும் நான் அப்படித்தான் அளக்கிறேன். பீடத்தில் எப்படி நிற்கிறார் என்பது அப்புறம். ஊரின் கடைசித் தெருவில் கடைசி வீடு வரை போனாரா?

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. புதுச் சாமியார் வந்தால் முதல் சாப்பாடு பெரிய வீட்டில். அங்கிருந்து வரிசையாக மேலத்தெரு, நடுத்தெரு. காலனிக்கு வருவதற்குள் தவக்காலம் வந்துவிடும். ஒருத்தர் மட்டும் இதைத் தலைகீழாகச் செய்தார். வந்த மூன்றாம் நாள் டிவிஎஸ் 50 வண்டியைக் காலனிக் கடைசியில் நிறுத்தி, தனியாக இருந்த ஒரு கிழவி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரக்காப்பி குடித்தார். பால் இல்லையே என்று அந்த அம்மாள் கூச்சப்பட, “எனக்குப் பால் சேராதும்மா” என்றாராம். மறுவாரம் எங்கள் வீட்டில் இரண்டு டம்ளர் பால் காப்பி குடித்தார் என்பது வேறு விஷயம்.

மேலத்தெருக்காரர்களுக்கு ஏகக் கோபம். பேரவைக் கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, “மரியாதை தெரியாத சாமியார்” என்றே சொன்னார். சாமியார் அசரவில்லை. ஐந்து மாதத்தில் பங்கின் நாலு கிளைக் கிராமங்களிலும் ஒரு வீடு விடாமல் போய்விட்டார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் மகன் துபாயில், எந்தப் பெண் பிறந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகத் திரும்பவில்லை, யார் கோயிலுக்கு வருவதில்லை, எதனால், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது வரை அதில் இருந்தது. ஐந்து வருஷத்தில் மாற்றல் வந்தபோது அந்த நோட்டை அடுத்தவரிடம் கொடுக்கவில்லை, கிழித்து அடுப்பில் போட்டார். “ஜனங்க என்கிட்ட சொன்னது, பங்குக்குச் சொன்னதில்ல சார்” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனிதரின் முழு உயரம் தெரிந்தது.

நன்றாகப் பிரசங்கம் செய்தால் போதாதா?

நல்ல பிரசங்கம் நல்லதுதான். ஆனால் அது வாரத்தில் பத்து நிமிஷம். மீதி நேரத்துக்கு என்ன கணக்கு என்பதுதான் என் கேள்வி. தவிர, வீடு வீடாகப் போகிறவரின் பிரசங்கம் தானாகவே சுருங்கிவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் கஷ்டம் தெரிந்தவருக்கு இஷ்டத்துக்குப் பேச வாய் வராது.

சாமியார், ஐயர், பாஸ்டர் எல்லாம் ஒன்றா?

வேலை ஒன்று, வந்த வழி வேறு. கத்தோலிக்கக் குரு மணமாகாதவர். திருச்சபைச் சட்டப்படி மெய்யியலும் இறையியலும் சேர்த்துக் குறைந்தது ஆறு ஆண்டு படிக்க வேண்டும். தொடக்கப் பயிற்சி, களப்பணி எல்லாம் சேர்ந்தால் ஒன்பது பத்து வருஷம் ஓடிவிடும். பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் கைவைத்துத் திருநிலைப்படுத்துவார். இந்தப் பக்கத்துப் பங்குகள் பெரும்பாலும் 1952இல் உருவான தஞ்சாவூர் மறைமாவட்டத்திலோ, 1899இல் உருவான கும்பகோணம் மறைமாவட்டத்திலோ வரும்.

லுத்தரன் சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யிலும் ஐயர் குடும்பஸ்தர். ஐயர் வீட்டம்மாவும் சம்பளமில்லாமல் பாதி ஊழியம் பார்ப்பார். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் அமைந்தது. அதன் பேராயருக்கு இன்றும் ‘தரங்கம்பாடி பேராயர்’ என்றுதான் பட்டம், அலுவலகம் திருச்சியில் இருந்தாலும். சி.எஸ்.ஐ.யில் பெண்களும் குருவாகிறார்கள், கத்தோலிக்கத்தில் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை அதிகம் போய்ப் பார்த்தவர்கள் கன்னியர்மார்கள்தான் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். சுதந்திர சபைகளின் பாஸ்டர்களில் முறையாகப் படித்தவரும் உண்டு, ஒரு நாள் தரிசனத்தில் ஆரம்பித்தவரும் உண்டு. பட்டத்தைப் பார்க்காதீர்கள், வீட்டுக்கு வருகிறாரா பாருங்கள்.

இந்த மண்ணில் யாரை முன்மாதிரியாகச் சொல்லலாம்?

ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியதைப் பள்ளிப் புத்தகத்திலேயே படிக்கிறோம். என் தாய்வழிப் பாட்டி அவரைவிட ஆரோனைத்தான் அதிகம் பேசுவார். 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்ட் குரு. கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்காக அல்ல, நாட்டுப்புறத்துச் சபைகளுக்காகவே அவரை நியமித்தார்கள். ஊர் ஊராகச் சுற்றுவதே வேலை. 1745இல் இறக்கும்வரை அதைத்தான் செய்தார். சிலை, மண்டபம் என்று பெரிதாக எதுவும் பேசப்படுவதில்லை.

தஞ்சாவூரின் ஸ்வார்ட்ஸ் ஐயர் கதை அதற்கு நேர்மாறு. 1750இல் தரங்கம்பாடி வந்தவர், திருச்சியில் இருந்துவிட்டுத் தஞ்சாவூருக்குக் குடிபோனார். தமிழ், மராத்தி, பாரசீகம் எல்லாம் பேசினார். 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலி படையெடுப்பால் பஞ்சம் வந்தபோது, முன்னமே வாங்கிச் சேர்த்துவைத்திருந்த அரிசியைக் கொண்டு பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். இளவரசர் சரபோஜிக்குப் பாதுகாவலராகவும் இருந்தார். 1798 பிப்ரவரி 13இல் இறந்தார். மரணப்படுக்கையில் கிடக்கும் அவரைச் சரபோஜி வந்து பார்ப்பதுபோல் ஆங்கிலச் சிற்பி ஃப்ளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பம் சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள கோயிலில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். அரண்மனைக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் நடுவே தூது போகிற குருவைக் கல்லில் வடிப்பார்கள். வரப்பில் நடந்த குருவை வடிக்க மாட்டார்கள். ஆனால் ஸ்வார்ட்ஸிடம் நான் எடுத்துக்கொள்வது அந்த அரிசியை. பஞ்சம் வருமுன் வாங்கிவைத்தார் பாருங்கள், அது ஜனங்களின் அடுப்படி தெரிந்தவர் செய்கிற வேலை.

நோயாளியைப் பார்க்கப் போகும்போது குருவானவர் என்ன செய்ய வேண்டும்?

முதலில், சீக்கிரம் போக வேண்டும். நோயாளிக்கு ஜெபித்து எண்ணெய் பூசும் சடங்கு, கத்தோலிக்கரிடையே ‘நோயில் பூசுதல்’ என்று இன்று சொல்வதை எங்கள் தாத்தா காலத்தில் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்பார்கள். பேரே பயமுறுத்தும். சாமியார் எண்ணெய்ச் செப்போடு தெருவில் வந்தாலே ‘ஆள் அவ்வளவுதான்’ என்று பக்கத்து வீட்டில் ஒப்பாரிக்குத் தயாராவார்கள். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே, இது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதல்ல என்று தெளிவாக்கிவிட்டது. 1972இல் சடங்கு முறையும் திருத்தப்பட்டது. நெற்றியிலும் கைகளிலும் பூசுவார்கள். பெரிய ஆபரேஷனுக்கு முன்னும் கேட்டுப் பெறலாம், தள்ளாத வயதில் பலவீனமானவரும் பெறலாம். ஆனாலும் எங்கள் ஊரில் இன்னும் மூச்சு இழுக்கும்போதுதான் ஆள் அனுப்புகிறார்கள். வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகிற சாமியாராக இருந்தால் இந்தப் பயம் இருக்காது, இன்றைக்கும் வந்திருக்கிறார் என்று விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது, உட்கார வேண்டும். என் அப்பா தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு குருக்கள் வந்தார்கள். ஒருத்தர் கட்டில் கால்மாட்டில் நின்றபடி நீளமாக ஜெபித்தார். நடுவில் செல்போன் அடித்தது, கட் பண்ணிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ‘கர்த்தர் சோதிக்கிறவர்களைத்தான் நேசிக்கிறார்’ என்று எங்களுக்கு ஆறுதலும் சொன்னார். அவர் போனதும் அப்பா, “நேசிக்காம விடச் சொல்லுடா” என்றார்.

அடுத்த நாள் வந்தவர் இளம் வயதுக்காரர். வந்ததும் ஸ்டூலை இழுத்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. “இந்த வருஷம் என்ன நெல்லு போட்டீங்க?” என்றார். அப்பா பொன்னி என்றார். நாற்றங்கால், நடவு ஆள் கூலி, மோட்டார் ரிப்பேர் என்று கால் மணி நேரம் போனது. அப்புறம் அப்பாவாகவே, “சாமி, நான் அறுப்பு பாப்பேனா?” என்று கேட்டார். நாங்கள் மூன்று வாரமாக அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்று ஓடிக்கொண்டிருந்தோம். அவர் ‘பாப்பீங்க’ என்றும் சொல்லவில்லை, ‘ஆண்டவர் சித்தம்’ என்றும் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பிடித்தபடி, “பயமா இருக்கா?” என்றார். அப்பா அழுதார். எனக்கு நினைவு தெரிந்து அவர் அழுது பார்த்ததில்லை. அதன் பிறகுதான் எண்ணெய் பூசினார். ஜெபம் இரண்டு நிமிஷம்கூட இல்லை.

மூன்றாவது, மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்த ஊழியக்காரரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இதில் எனக்குத் தயவு தாட்சண்யமே கிடையாது.

துக்க வீட்டில் என்ன பேசுவது?

கொஞ்சம் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கடற்கரையில் சுனாமி அடித்துப் போட்டதை அடுத்த நாட்களில் போய்ப் பார்த்தவன் நான். யாத்திரை வந்த குடும்பங்களும் அதில் போயின. அங்கே ஒரு குருவானவர் அங்கியைக் கழற்றிவிட்டுக் கைலியோடு குழியருகில் நின்றார். வாய் திறந்து அவர் கேட்டது ஒன்றுதான்: “பேரு தெரியுமா?” தெரிந்தால் எழுதிக்கொண்டார். தெரியாவிட்டால் சட்டை நிறம், காதில் தோடு இருந்ததா என்று எழுதிக்கொண்டார். பிற்பாடு தேடி வந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் பயன்பட்டன.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் உறவினர் ஒருத்தருக்கு மொத்தத் தென்னையும் சாய்ந்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பங்குத்தந்தை வந்து, “வாங்க, எண்ணிட்டு வருவோம்” என்று தோப்புக்குள் கூட்டிப்போனார். இரண்டு பேரும் விழுந்த மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நடந்தார்கள். நிவாரணத்துக்கு எழுதிக்கொடுக்க எண்ணிக்கை வேண்டும் என்பது சாக்கு.

தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கப் பூசை உண்டா?

உண்டு. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கு கூடாது என்றது. 1983இல் வந்த சட்டம் அந்தப் பட்டியலிலிருந்து அவர்களை எடுத்துவிட்டது. அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்று திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏடும் சொல்கிறது. ஆனாலும் ‘கல்லறைத் தோட்டத்து மூலையில் போடு’ என்கிற பெருசுகள் இன்னும் இருக்கிறார்கள். பூச்சி மருந்து குடித்து இறந்த ஒரு விவசாயியின் அடக்கத்தில், ஊர்ப் பேச்சைக் கேட்காமல் குடும்பக் கல்லறையிலேயே குழி வெட்டச் சொன்ன சாமியார் ஒருத்தரை அறிவேன். முப்பதாம் நாள் வரை அந்த வீட்டுக்குத் தினமும் போனார். அந்த வீட்டுப் பிள்ளைகள்மேல் ஒரு கண் வைத்திருந்தார் என்று பிறகுதான் புரிந்தது.

மனசு உடைந்து வருகிறவரைக் குரு தனியே தாங்கிப் பிடிக்கப் பார்ப்பது ஆபத்து. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கோயில் பலகையில் எழுதிப்போட வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு, தேவைப்பட்டால், தானே பஸ் ஏறிக் கூட்டிப்போக வேண்டும். ‘ஜெபித்தால் போதும்’ என்கிறவரிடம் எனக்குப் பேச்சில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைச் சாமியார் வெளியே சொல்வாரா?

மாட்டார். பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதே பாவசங்கீர்த்தனம். அதில் கேட்டதை வேண்டுமென்று நேரடியாக வெளிப்படுத்துகிற குரு அந்தக் கணமே சபைநீக்கத்துக்கு உள்ளாகிறார். அதை நீக்கும் அதிகாரம் ரோமாபுரிக்கே. ஆனால் ஒரு விஷயத்தை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். குரு குடியிருக்கும் பங்களாவில் உட்கார்ந்து பேசுவதும், போனில் அழுவதும் பாவசங்கீர்த்தனம் அல்ல. அவற்றையும் காப்பாற்றுவது நல்ல குருவின் லட்சணம், என்றாலும் எல்லை உண்டு. குழந்தைமேல் பாலியல் வன்கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காதது குற்றம். செய்தவர் கோயில் ஊழியரான உபதேசியாராக இருந்தாலும் சரி, இன்னொரு குருவாக இருந்தாலும் சரி. ‘சபை மானம் போய்விடும்’ என்று மூடி மறைத்தவர்களால்தான் மானம் போனது. குழந்தைகளுக்கான எண் 1098.

புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று வரும் பெண்ணிடம்?

‘பொறுத்துப் போம்மா, சிலுவையைச் சும’ என்று சொல்லக் கூடாது. இதை நான் இவ்வளவு கடுமையாக எழுதக் காரணம், எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணிடம் ஒரு குருவானவர் இதையேதான் சொன்னார். அவள் திரும்பிப் போனாள். மூன்றாம் நாள் கை முறிந்து வந்தாள். அவர் கெட்டவர் இல்லை, கல்யாணத்தைக் காப்பாற்ற நினைத்தார். அவளை யார் காப்பாற்றுவது என்று யோசிக்கவில்லை.

முதலில் இன்றிரவு எங்கே படுப்பாள் என்று கேட்க வேண்டும். பெண்கள் உதவி எண்ணான 181ஐச் சொல்ல வேண்டும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அங்கே துணைக்கு ஒரு பெண்ணோடு அனுப்ப வேண்டும். சமாதானப் பேச்சு அவன் தெளிந்து, அவள் சம்மதித்தால் பிற்பாடு.

சாதி விஷயத்தில் குரு தலையிடலாமா?

தலையிடாமல் இருப்பதும் ஒரு பக்கம் சேர்வதுதான். தேர் எந்தத் தெருவோடு திரும்பும், கல்லறையில் யாருக்கு எந்த வரிசை, திருவிழா வரி யாரிடம் வாங்குவது, யாரிடம் வாங்காமல் ‘ஒதுக்குவது’ என்று ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத சாதி எங்கள் கோயில்களிலும் உண்டு. இதில் ஒரே கூட்டத்தில் எல்லாவற்றையும் மாற்றப் போய் ஆறு மாதம் கோயில் பூட்டிக்கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். பார்த்தும் பார்க்காததுபோல் ஐந்து வருஷம் ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ரகத்தை மன்னிப்பது எனக்குக் கஷ்டம்.

இன்னொன்று, வெளியே அதிகம் பேசப்படாதது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோரில் வருகிறார்கள். ஆகவே சர்டிபிகேட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு பெயர் என்று பிள்ளைகள் இரண்டு பெயரோடு வளர்கிறார்கள். கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலை எழுதும்போது இது வெளியே வரும். அந்த நேரத்தில் ‘நீ எந்தப் பக்கம்?’ என்று எல்லார் முன்னிலையிலும் கேட்கிற குரு, அந்தக் குடும்பத்தைக் கோயிலைவிட்டு அனுப்பிவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பணம்?

கணக்கை மாதாமாதம் கோயில் பலகையில் ஒட்டட்டும். காணிக்கை கொடுக்க முடியாதவரின் பூசைக் கருத்தும், அதாவது எதற்காகப் பூசை என்பதும், மற்றவர்களுடையதுபோலவே வாசிக்கப்படட்டும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மற்ற மதத்தினர் ஜெபிக்கக் கேட்டு வந்தால்?

இங்கே அது தினப்படி நடப்பது. ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குக் காவி கட்டி நடந்து போகிறவர்களில் எத்தனை பேர் கிறிஸ்தவர் என்று யாரும் எண்ணுவதில்லை. எங்கள் ஊரிலும் குழந்தைக்கு ராத்திரியில் உடம்புக்கு முடியாமல் போனால் சாமியாரிடம் தூக்கி வருவார்கள். தலையில் கைவைத்து ஜெபித்து, காலையில் டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினால் போதும். அந்தச் சாக்கில் மதம் பேச ஆரம்பிப்பது அவர்கள் கஷ்டத்தைக் காசாக்குவது.

குருவானவருக்குக் கஷ்டம் வந்தால் யாரிடம் போவார்?

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குப் பங்குக் கணக்கைக் கொடுக்கப் பங்களாவுக்குப் போனேன். அன்று மட்டும் அவர் இரண்டு அடக்கம் முடித்திருந்தார், ஒன்று சின்னப் பையன். மேஜையில் சமையல்காரம்மா மூடிவைத்துப் போன இட்லி ஆறிக் கிடந்தது. விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார். “சாப்பிடலையா சாமி?” என்றேன். “நீங்க சாப்பிட்டாச்சா சார்?” என்றார். நான் பொய் சொன்னேன், இல்லை என்று. இரண்டு பேரும் அந்த இட்லியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். மாற்றல் ஆகிப் போகும்வரை வியாழக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு என்று அன்றைக்கு ஏற்பாடு ஆனது. எல்லாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டியவரிடம் யாரும் ஆறுதல் சொல்லிப் பழகவில்லை. சக குருக்களில் ஒரு நண்பர், மனசைக் கொட்ட ஓர் ஆன்ம குரு, வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது ஆடம்பரம் அல்ல. இவை இல்லாதவர்களில் சிலர் எரிச்சல்காரர்களாகவும், சிலர் குடிகாரர்களாகவும் ஆவதைப் பார்த்தாயிற்று.

செமினரிக்குப் போக ஆசைப்படுகிறேன். எனக்குத் தகுதி இருக்கிறதா?

பிளஸ் டூ முடித்தபின் பங்குத்தந்தையின் கடிதத்தோடு மறைமாவட்டத்தின் இறையழைத்தல் இயக்குநரைப் பார்க்க வேண்டும். லுத்தரன், சி.எஸ்.ஐ. என்றால் பெரும்பாலும் டிகிரி முடித்தபின் சபையின் பரிந்துரையோடு இறையியல் கல்லூரி. அதற்கு முன்னால் நான் சொல்வது ஒன்று. உங்கள் ஊர் உபதேசியாரோடு ஒரு மழைக்காலம், ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதம், வீடு வீடாகப் போய் வாருங்கள். கிடாரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சேற்றில் செருப்பு மாட்டும். மூத்திர வாடை அடிக்கிற அறையில் உட்கார வேண்டியிருக்கும். ஒரே கதையை ஒரே பாட்டி நாலாவது தடவை சொல்வார், அதைக் கேட்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்து, அந்தப் பாட்டியின் கதையை எனக்குச் சொல்லுங்கள். மேற்கொண்டு அப்புறம் பேசலாம்.